மாஸ்கோவின் மணிமுடி – 9: ஜார் மகன் என்னும் பட்டம்

1547 ஜனவரி 16 அன்று கிரெம்ளினின் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் 16 வயது இவான் முடிசூடியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அவருடைய தந்தையும் பாட்டனாரும் மாஸ்கோவின் ‘வெலிக்கி க்ன்யாஸ்’, அதாவது பெருங்கோமகன் என்ற பட்டத்தோடு ஆண்டவர்கள். முடிசூட்டு விழாவில் ஜார் என்ற பட்டத்தை முதலில் ஏற்றவர் இவான்தான். அன்றே, இன்னும் பிறக்காத அவருடைய பிள்ளைகளின் பட்டமும் மாறிவிட்டது. இனி ஆட்சியாளரின் மகன் ஜாரேவிச், மகள் ஜாரேவ்னா. ரஷ்யாவில் ஒவ்வொருவரும் தந்தையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அதே ‘விச்’ விகுதிதான் இங்கும் வருகிறது. ஜாரின் மகன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

இந்தப் பட்டம் மூத்த மகனுக்கு மட்டும் உரியதன்று. ஜாருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள் பிறந்தால் ஐந்து பேரும் தொட்டிலிலேயே ஜாரேவிச். அவர்களில் யார் அடுத்த ஜார் என்பதைப் பட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் எழுதப்பட்ட சட்டமும் மாஸ்கோவில் இல்லை. தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற வழக்கம் இருந்தது. தந்தையின் விருப்பம் என்று ஒன்று இருந்தது. பாயார்கள் எனப்பட்ட பெரும் பிரபுக்களின் கணக்குகள் இருந்தன. இந்த மூன்றும் ஒத்துப்போன காலங்களில் நாடு அமைதியாக இருந்தது. ஒத்துப்போகாத காலங்களில் என்ன நடந்தது என்பதே இந்தப் பகுதியின் கதை. அடுத்த 250 ஆண்டுகளில் ரஷ்யா அனுபவித்த பெரும் துயரங்கள் பலவும் இந்த ஓட்டை வழியாகவே உள்ளே வந்தன என்பது என் துணிபு.

முதலில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி. மாஸ்கோவில் ஜாரேவிச் என்று அழைக்கப்பட்டவர்கள் ஜாரின் பிள்ளைகள் மட்டுமல்லர். ரஷ்யர்கள் நெடுங்காலமாகத் தாத்தார் கான்களையும் ஜார் என்றே குறிப்பிட்டு வந்தார்கள். ஆகவே செங்கிஸ்கான் வழிவந்த தாத்தார் இளவரசர்கள் மாஸ்கோவின் பணிக்கு வந்தபோது அவர்களும் ஜாரேவிச் ஆனார்கள். காசிமோவ் ஜாரேவிச் இருந்தார், சைபீரிய ஜாரேவிச் இருந்தார். சைபீரியாவின் கடைசிக் கானாகிய குச்சுமின் பேரப்பிள்ளைகள், நாடு பறிபோன பின்னும் பல தலைமுறைகள் இந்தப் பட்டத்தோடு மாஸ்கோ அரசவையில் உயர்ந்த இருக்கைகளில் அமர்ந்தார்கள். பட்டத்துக்கும் ஆளும் நாட்டுக்கும் தொடர்பு அறுந்துபோகலாம் என்பதை மாஸ்கோ மக்கள் நாள்தோறும் கண்ணால் கண்டுகொண்டிருந்தார்கள்.

இனி இவானின் பிள்ளைகளிடம் வருவோம். முதல் மகன் திமித்ரி 1552இல் பிறந்தான். அடுத்த ஆண்டே, பெற்றோர் வட திசை மடாலயங்களுக்கு யாத்திரை சென்றபோது ஆற்றில் தவறி விழுந்து இறந்தான். இரண்டாவது மகன் இவான் வளர்ந்தார், படித்தார், தந்தையோடு போர்களுக்குப் போனார். வாரிசு இவரே என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. 1581 நவம்பரில் அலெக்சாந்திரோவ் அரண்மனையில் மூண்ட சச்சரவில் தந்தை தம் கையிலிருந்த கூர்முனைக் கோலால் அவரைத் தலையில் அடித்தார். சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. வயது 27. ஓவியர் ரேப்பின் 1885இல் முடித்த, மாஸ்கோவின் திரெத்தியக்கோவ் காட்சிக்கூடத்துக்குச் சொந்தமான படத்தில், இரத்தம் வழியும் மகனின் தலையை அணைத்துப் பிடித்தபடி விழி பிதுங்க அமர்ந்திருக்கும் கிழவனைக் காணலாம். ஒரு நாட்டின் எதிர்காலம் ஒரே அடியில் உடைந்த கணம் அது.

எஞ்சியவர் மூன்றாவது மகன் பியோதர். உடலிலும் உள்ளத்திலும் வலுவற்றவர்; வழிபாட்டிலும் ஆலய மணியோசையிலும் நெஞ்சைப் பறிகொடுத்தவர். 1584இல் தந்தை இறந்தபோது அவர் ஜார் ஆனார். ஆட்சி அவருடைய மைத்துனர் போரிஸ் கோதுனோவின் கையில் இருந்தது. இன்னொரு மகனும் உண்டு. இவானின் கடைசி மனைவி மரியா நகாயா 1582 அக்டோபரில் பெற்ற பிள்ளை. இறந்துபோன மூத்தவனின் பெயரையே அவனுக்கும் வைத்திருந்தார்கள்: திமித்ரி. திருச்சபை மூன்று திருமணங்களுக்கு மேல் ஏற்பதில்லை. இவானோ அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தார். ஆகவே திமித்ரியின் பிறப்பே முறையானதல்ல என்று வாதிட இடம் இருந்தது. பியோதர் பட்டம் ஏற்றதும் குழந்தையையும் தாயையும் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த ஊக்லிச் நகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

1591 மே 15, அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி. ஊக்லிச் அரண்மனை முற்றத்தில் எட்டு வயது திமித்ரி வேறு சிறுவர்களோடு கத்தியைத் தரையில் குத்தி நிற்குமாறு எறியும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் கழுத்தில் வெட்டுக்காயத்தோடு கிடந்தான். அலறியபடி ஓடிவந்த தாய், கொலைகாரர்கள் என்று சிலரைச் சுட்டினார். ஆலய மணி அடிக்கப்பட்டது, ஊரே திரண்டது, மாஸ்கோ அனுப்பிவைத்திருந்த அதிகாரி பித்யகோவ்ஸ்கியையும் அவரோடு ஏறத்தாழ 15 பேரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. நான்கு நாட்கள் கழித்து மாஸ்கோவிலிருந்து விசாரணைக் குழு வந்தது. அதன் தலைவர் வசீலி ஷூயிஸ்கி. இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சிறுவனுக்கு வலிப்பு நோய் இருந்தது, விளையாடும்போது வலிப்பு கண்டு கையிலிருந்த கத்தி கழுத்தில் பாய்ந்துவிட்டது என்று குழு முடிவு சொன்னது.

தாயைக் கன்னியாஸ்திரி ஆக்கித் தொலைதூர மடத்துக்கு அனுப்பினார்கள். ஊக்லிச் மக்களில் பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மக்களைத் திரட்டிய குற்றத்துக்காக ஆலய மணியும் தண்டிக்கப்பட்டது. அதன் நாக்கைப் பிடுங்கி, தொங்கவிடும் காதை வெட்டி, தொபோல்ஸ்க் நகருக்கு நாடுகடத்தினார்கள். ஒரு வெண்கல மணிக்குத் தண்டனை கொடுக்கும் அளவுக்கு அந்த மரணம் அரசை அச்சுறுத்தியது. மணி ஊர் திரும்பியது 1892இல்தான்.

திமித்ரியைக் கோதுனோவ் கொன்றாரா? புஷ்கின் தம் நாடகத்தில் ஆம் என்ற பக்கம் சாய்ந்தார். வரலாற்றாசிரியர்கள் நூற்றாண்டுகளாக விவாதிக்கிறார்கள். விசாரணை ஏடுகளில் சிறுவனோடு விளையாடிய பிள்ளைகளின் வாக்குமூலமே இருக்கிறது. நான் விபத்து என்றே எண்ணச் சாய்கிறேன். 1591இல் பியோதருக்குப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு இன்னும் இருந்தது. திமித்ரியைக் கொல்வதால் கோதுனோவுக்கு அன்று கிடைக்கக்கூடிய ஆதாயம் சிறியது.

1598இல் பியோதர் பிள்ளையின்றி இறந்தார். ரூரிக் வழிவந்த மாஸ்கோ மரபு அவரோடு முடிந்தது. நாட்டு மன்றம் கூடி கோதுனோவைத் தேர்ந்தெடுத்தது. அறிவும் ஆற்றலும் உள்ள ஆட்சியாளர்தான். ஆனால் 1601 தொடங்கி மூன்று ஆண்டுகள் பயிர்கள் உறைபனியில் கருகின. பஞ்சத்தில் மக்கள் சாலையோரங்களில் செத்து விழுந்தார்கள். உண்மையான ஜாரின் மகன் இருக்க, வேற்று மனிதன் அரியணையில் அமர்ந்ததால் வந்த தெய்வக் கோபம் இது என்ற பேச்சு பரவியது. அப்போதுதான் போலந்திலிருந்து அந்தச் செய்தி வந்தது: திமித்ரி சாகவில்லை.

1604 இலையுதிர் காலத்தில் ஓர் இளைஞர் சிறு படையோடு எல்லை தாண்டினார். தப்பியோடிய துறவி கிரிகோரி ஒத்ரேப்யெவ்தான் அவர் என்று மாஸ்கோ அறிவித்தது. யாராக இருந்தாலும், நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குக் கதவு திறந்தன. 1605 ஏப்ரலில் கோதுனோவ் திடீரென இறந்தார். அவருடைய மகன் பியோதர், 16 வயது, முறைப்படி ஜார் ஆனான். கல்வியில் ஊறி வளர்ந்த பிள்ளை. அவன் வரைந்ததை அடிப்படையாகக் கொண்ட ரஷ்ய நிலப்படம் ஒன்று பிற்பாடு ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இரண்டு மாதங்களுக்குள் அவனையும் தாயையும் கொன்றார்கள். தந்தை தேர்ந்தெடுக்கப்பட்ட ஜார். ஆகவே மகன் மெய்யான ஜாரேவிச் அல்லன் என்பது கூட்டத்தின் தீர்ப்பு. போலிப் பட்டம் சூடியவருக்கு வழி விடுவதற்காக, பட்டத்தோடு வளர்ந்த பிள்ளை பலியானான். இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் சிறுவனிடமே தங்கிவிடுகிறது.

ஜூன் மாதம் போலி திமித்ரி மாஸ்கோவுக்குள் நுழைந்தார். மடத்திலிருந்து மரியா நகாயாவை அழைத்துவந்தார்கள். நகருக்கு வெளியே, மக்கள் பார்த்து நிற்க, அவர் அந்த இளைஞரைத் தழுவித் தம் மகன் என்றார். அஞ்சி அப்படிச் சொன்னாரா, பதினான்கு ஆண்டுக் கொடுமைக்குப் பின் கிடைத்த விடுதலைக்காகச் சொன்னாரா, யார் அறிவார்? ஷூயிஸ்கியும் பேச்சை மாற்றினார். திமித்ரி உண்மையில் தப்பிவிட்டான் என்றார். அடுத்த மே மாதம் அதே ஷூயிஸ்கி கலகத்தைத் தூண்டி போலி திமித்ரியைக் கொல்லச்செய்து தாமே ஜார் ஆனார். உடனே மூன்றாவது கதை வந்தது: சிறுவனைக் கோதுனோவின் ஆட்கள் கொன்றார்கள், அவன் ஒரு புனிதன். ஊக்லிச்சிலிருந்து உடலைத் தோண்டியெடுத்து மாஸ்கோவின் அர்க்காங்கெல்ஸ்கி பேராலயத்தில் வைத்தார்கள். திருச்சபை அவனைப் புனிதன் என்று அறிவித்தது. மரியா நகாயாவும் தாம் முன்பு தழுவியவர் தம் மகன் அல்லர் என்று இப்போது சொன்னார். விபத்து, உயிர்தப்பியவன், கொலையுண்ட புனிதன் – ஒரே மனிதர் 15 ஆண்டுகளில் மூன்று முறை மாற்றிச் சொன்னார். அவ்வப்போது அரியணைக்கு எது தேவையோ அதுவே சாட்சியம் ஆயிற்று.

புனிதன் என்று அறிவித்தும் பயன் இல்லை. 1607இல் இரண்டாம் போலி திமித்ரி தோன்றினார். மாஸ்கோ அருகே தூஷினோவில் தனி அரசவையே நடத்தினார். முதலாமவரை மணந்திருந்த போலந்துப் பெண் மரீனா இவரையும் தம் கணவர் என்று ஏற்றுக்கொண்டார். ப்ஸ்கோவ் நகரில் மூன்றாமவர் வந்தார். கோசாக்குகளிடையே ஜாரேவிச் பியோத்தர் என்றொருவர் கிளம்பினார். ஜார் பியோதருக்கு அப்படி ஒரு மகன் பிறந்ததே இல்லை. தென் புல்வெளிகளில் ஜாரேவிச் என்ற பெயரோடு ஆட்கள் மேலும் மேலும் முளைத்தார்கள். ஏழைகளும் ஓடிப்போன அடிமைகளும் அவர்கள் பின்னே திரண்டதற்குக் காரணம் ஏமாளித்தனம் மட்டுமல்ல. கொடிய பிரபுக்கள் மறைத்துவைத்த நல்ல ஜாரின் மகன் ஒருநாள் வெளிப்படுவான் என்பதைத் தவிர வேறு எந்த நம்பிக்கையும் அந்த மக்களுக்கு அன்று இருக்கவில்லை.

இரண்டாம் போலி திமித்ரிக்கும் மரீனாவுக்கும் 1611இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆதரவாளர்கள் அவனை ஜாரேவிச் இவான் என்றார்கள். மாஸ்கோ அவனைத் திருட்டுக் குட்டி என்றது. 1613இல் நாட்டு மன்றம் 16 வயது மிக்கைல் ரமானோவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு மரீனாவும் குழந்தையும் பிடிபட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையை மாஸ்கோவில் பொதுமக்கள் முன் தூக்கிலிட்டார்கள். அவன் செய்த குற்றம் அந்தப் பட்டத்தால் அழைக்கப்பட்டது ஒன்றே. முந்நூறு ஆண்டு ஆண்ட ரமானோவ் மரபின் தொடக்கத்தில் இந்தக் குழந்தையின் பிணம் கிடக்கிறது. அந்த அரசகுலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

ரமானோவ்கள் பட்ட பாட்டிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். அரசாங்க எழுத்தராக இருந்து சுவீடனுக்குத் தப்பியோடிய கத்தோஷீஹின் 1660களில் எழுதிவைத்த குறிப்புகளில் அது தெரிகிறது. ஜாரேவிச்சை 15 வயது வரை நெருங்கிய பிரபுக்களும் பணியாளர்களும் தவிர யாரும் காணமுடியாது. உரிய வயதில் அவனை மக்கள் முன் கொண்டுவந்து காட்டுவார்கள். பல ஊர்களிலிருந்து மக்கள் அவனைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். முகம் ஊரறியத் தெரிந்துவிட்டால் போலிகள் வரமாட்டார்கள் என்ற எண்ணம் அது. அதுவும் பலிக்கவில்லை. ஜார் அலெக்ஸேயின் மகன் அலெக்ஸேய் 1667இல் இப்படி அறிவிக்கப்பட்டு, 1670 தொடக்கத்தில் நோயால் இறந்தான். அதே ஆண்டு வோல்காவில் கிளர்ந்த ஸ்தென்கா ராஸின், இறந்த ஜாரேவிச் தன்னோடு படகில் வருகிறார் என்று பரப்பினான். அதற்கென்று சிவப்புத் துணி போர்த்திய படகு ஒன்றை ஆற்றில் கொண்டுபோனான்.

1682இல் இன்னொரு சிக்கல். ஜார் மூன்றாம் பியோதர் பிள்ளையின்றி இறந்தபோது இரண்டு ஜாரேவிச்சுகள் எஞ்சினார்கள்: நோயாளியான 15 வயது இவான், துடிப்பான 9 வயது பியோத்தர். வெவ்வேறு தாய்மாரின் பிள்ளைகள். கிரெம்ளினில் காவல்படை புகுந்து இரத்தம் சிந்திய பின் இருவரையும் சேர்த்து முடிசூட்டினார்கள். அவர்களுக்காகச் செய்த இரட்டை இருக்கை அரியணை கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒன்பது வயதுச் சிறுவன்தான் மகா பீட்டர் என்று உலகம் அறிந்தவர். அன்று தம் உறவினர்களை வீரர்கள் ஈட்டியில் குத்தியெறிந்ததை அவர் நேரில் பார்த்தார்.

பீட்டரின் மகன் அலெக்ஸேய் 1690இல் பிறந்தவர். தாயை பீட்டர் மடத்துக்கு அனுப்பியபோது பிள்ளைக்கு எட்டு வயது. கப்பல், பீரங்கி, போர் என்று ஓயாது ஓடிய தந்தைக்கும், நூல்களையும் பழைய பக்தியையும் விரும்பிய மகனுக்கும் இடையே நாளுக்கு நாள் விரிசல் பெருகியது. 1715இல், மாறாவிட்டால் அழுகிய உறுப்பைப் போல வெட்டிவிடுவேன் என்று தந்தை எழுதினார். அரியணையே வேண்டாம் என்றார் மகன். துறவியாகிவிடு என்றார் தந்தை. 1716இல் அலெக்ஸேய் வியன்னாவுக்குத் தப்பியோடினார். பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் அவரை முதலில் திரோல் மலைக்கோட்டையிலும், பின்பு நேப்பிள்ஸின் சான் எல்மோ கோட்டையிலும் ஒளித்துவைத்தார். பீட்டரின் தூதர் தல்ஸ்தோய் அங்கேயே போய், மன்னிப்பு உண்டு என்று உறுதி கூறி, அவரை ஊருக்கு அழைத்துவந்தார்.

1718 பிப்ரவரி 3 அன்று கிரெம்ளினில் அலெக்ஸேய் மண்டியிட்டு வாரிசுரிமையைத் துறந்தார். மன்னிப்பு அன்றே நிபந்தனைக்கு உட்பட்டதாகிவிட்டது: உடந்தையானவர்கள் பெயர்களைச் சொல்ல வேண்டும். பெயர் பெயராக விசாரணை நீண்டது. ஜூன் மாதம் அவரைச் சாட்டையால் அடித்து விசாரித்தார்கள். ஒருமுறை 25 அடி, மற்றொருமுறை 15. ஜூன் 24 அன்று 127 உயர் அதிகாரிகள் மரண தண்டனையில் கையொப்பமிட்டார்கள். இரண்டு நாள் கழித்து பீட்டர் பால் கோட்டையில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் பொல்தாவா வெற்றியின் ஆண்டு விழா, அது நிறுத்தப்படவில்லை. பீட்டர் கட்டிய நகரத்தையும் கடற்படையையும் வியக்கிறவர்களில் நானும் ஒருவன். இந்தக் கோட்டை அறை அந்த வியப்போடு எந்நாளும் சமாதானம் ஆவதில்லை.

இதே வழக்கில் சைபீரிய ஜாரேவிச் வசீலியும் சிக்கி வடக்கே நாடுகடத்தப்பட்டார். அவருடைய பிள்ளைகள் இனி வெறும் க்ன்யாஸ் என்றே எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. 1721இல் பீட்டர் பேரரசர் என்ற புதுப் பட்டம் ஏற்றார். அதன்பின் ஆளும் வீட்டு ஆண் பிள்ளைகளுக்கு ஜாரேவிச் என்ற பட்டம் மெல்ல விலகி, பழைய வெலிக்கி க்ன்யாஸ் திரும்ப வந்தது. அதைத்தான் ஐரோப்பியர்கள் கிராண்ட் டியூக் என்று எழுதினார்கள். 1722 பிப்ரவரி 5 ஆணை இன்னும் பெரியது: ஆளும் மன்னர் தாம் விரும்பியவரை வாரிசாக நியமிக்கலாம், நியமித்த பின் மாற்றவும் செய்யலாம். ஆணை போட்டவரே 1725இல் யாரையும் நியமிக்காமல் இறந்தார். அடுத்த 37 ஆண்டுகள் அரண்மனைக் காவல்படைகள் யார் பக்கம் நின்றனவோ பெரும்பாலும் அவர்களே ஆண்டார்கள். குழந்தைப் பேரரசர் ஆறாம் இவான் சிறையில் வளர்ந்து அங்கேயே குத்திக் கொல்லப்பட்டார். மூன்றாம் பீட்டர் மனைவி கேத்தரினால் வீழ்த்தப்பட்டு மாண்டார்.

அந்த இணையரின் மகன் பால், தாய் ஆண்ட 34 ஆண்டுகளும் வாரிசு என்ற பெயரோடு அதிகாரம் ஏதுமின்றிக் காத்திருந்தார். தாய் தம்மைத் தாண்டிப் பேரனுக்கு முடியைக் கொடுத்துவிடுவாரோ என்ற அச்சம் அவரை அரித்தது. ஆகவே 1788லேயே மனைவியோடு சேர்ந்து ஒரு வாரிசுரிமைச் சட்டத்தை எழுதிவைத்தார். 1797 ஏப்ரல் 5 அன்று, இவான் முடிசூடிய அதே பேராலயத்தில், முடிசூடிய கையோடு அதைத் தாமே உரக்க வாசித்தார். மூத்த மகன், அவன் வழி மூத்த பேரன் என்று ஆண் வழி முற்றிலும் தீர்ந்த பின்னரே பெண்களுக்கு முறை வரும். யாருடைய விருப்பமும் இதில் நுழைய முடியாது. பேரரசரின் பிள்ளைகளும் பேரன்களும் கிராண்ட் டியூக்குகள். அவர்களில் வாரிசான ஒருவருக்கு மட்டும் ஜெசாரேவிச் என்ற பட்டம். ஜாரேவிச், ஜெசாரேவிச் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் நம் நூல்களில் பலவும் குழப்பிக்கொள்கின்றன. முன்னது பிறப்பைச் சொன்னது. பின்னது அரியணை யாருக்கு என்று சொன்னது. இத்தாலியப் போர்க்களத்தில் பணியாற்றிய இரண்டாம் மகன் கன்ஸ்தந்தீனுக்கும் 1799இல் பாலே அதைச் சிறப்புப் பரிசாக வழங்கினார். தாம் வகுத்த விதியில் தாமே வைத்த விலக்கு அது. அடுத்த தலைமுறை அதற்கு விலை கொடுத்தது.

முதலாம் அலெக்சாண்டருக்கு ஆண் வாரிசு இல்லை; ஆகவே சட்டப்படி அடுத்தவர் தம்பி கன்ஸ்தந்தீன். அவரோ வார்சாவில் அரசகுலம் சாராத போலந்துப் பெண்ணை மணந்து, உரிமையைத் துறந்துவிட்டார். 1823இல் அதை ஏற்றுக்கொண்ட பிரகடனத்தை அலெக்சாண்டர் முத்திரையிட்டு உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் இரகசியமாக வைத்தார். 1825 நவம்பரில் தகன்ரோக் நகரில் அவர் இறந்ததும், ஜெசாரேவிச் என்று நாடறிந்த கன்ஸ்தந்தீனுக்குப் படைகள் விசுவாசப் பிரமாணம் எடுத்தன. ஏறத்தாழ இரண்டரை வாரம் கழித்து, இல்லை, அடுத்த தம்பி நிக்கோலாயே பேரரசர், மறுபடியும் பிரமாணம் எடுங்கள் என்றார்கள். டிசம்பர் 14 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில் ஏறத்தாழ 3,000 வீரர்கள் மறுத்து நின்றார்கள். அவர்களை நடத்திவந்த இளம் அதிகாரிகளின் நோக்கம் அரசியல் சட்டமும் அடிமை ஒழிப்பும்; அணியில் நின்ற வீரர்களில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் கன்ஸ்தந்தீன் என்ற பெயரும் எடுத்த பிரமாணமும்தான். மாலையில் பீரங்கிகள் முழங்கின. ஐந்து பேர் தூக்கிலேறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் சைபீரியா போனார்கள்.

அரியணையை மறுத்த கன்ஸ்தந்தீன் ஜெசாரேவிச் பட்டத்தை மட்டும் சாகும்வரை வைத்துக்கொண்டார். 1831இல் வித்தெப்ஸ்க் நகரில் காலரா அவரைக் கொண்டுபோன பிறகே, நிக்கோலாயின் 13 வயது மகனுக்கு அந்தப் பட்டம் வந்துசேர்ந்தது. பிற்காலத்தில் இரண்டாம் அலெக்சாண்டராக முடிசூடி, பண்ணையடிமை முறையை ஒழித்தவர் அவரே. அவருக்குக் கல்வி புகட்டிய கவிஞர் ஜுக்கோவ்ஸ்கியைப் பற்றியும், 1837இல் சைபீரியா வரை சென்ற அவருடைய நெடும் பயணத்தைப் பற்றியும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.